மணலுக்குச் சாட்சி

வாடகைக்கு அறை பார்க்கப் போன இடத்தில், நான் சவூதியில் ஆறு வருஷம் வேலை செய்தவள் என்று தெரிந்ததும் அந்த வீட்டுக்கார அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

“மணல்ல கால வச்சா எதுமட்டும் பொதயும் தங்கச்சி?”

கம்பளையில், ஆற்றுப் பக்கமாக இறங்குகிற ஒரு ஒழுங்கையில் அவர் வீடு. மழை கொட்டிக்கொண்டிருந்தது. கண்டியில் ஒரு தையல் கடையில் பொழுதெல்லாம் மெஷின் மிதித்துவிட்டு, பஸ்ஸில் நின்றபடியே வந்து இறங்கியிருந்தேன். அறையைக் காட்டினால் போதும், விழுந்து படுக்கலாம் என்று நிற்கிறவளிடம் போய் மணலைப் பற்றிக் கேட்டால் எப்படி இருக்கும்?

“கணுக்கால் வரைக்கும் போகும்ங்க” என்றேன்.

“சப்பாத்தோடயா, வெறுங்காலோடயா?”

“வெறுங்காலோட.”

“சுடல்லயா?”

மாட்டிக்கொண்டேன். “விடிய நேரம் சுடாதுங்க” என்று சமாளித்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே குசினிக்குள் போய், ஒரு துண்டுக் கடதாசியில் அதை எழுதிவைத்துவிட்டு வந்தார். பிறகுதான் அறைச் சாவியை எடுத்தார்.

உண்மையைச் சொல்வதென்றால், அந்த ஆறு வருஷத்தில் என் கால் ஒரு நாளும் மணலில் பட்டதில்லை. விமானத்தை விட்டு இறங்கியதும் கறுப்புக் கண்ணாடி போட்ட வாகனத்தில் ஏற்றினார்கள். ஒரு மூன்று மாடி வீட்டு வாசலில் இறக்கினார்கள். தரை முழுக்க வெள்ளை மாபிள், வீட்டைச் சுற்றி இரண்டு ஆள் உயர மதில். பின்பக்கம் உடுப்புக் கழுவுகிற இடத்தில் நின்றால் மதிலுக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் நடுவில் ஒரு முழம் வானம் தெரியும். அவ்வளவுதான் நான் கண்ட சவூதி. பாலைவனத்தை அந்த வீட்டு டீவியில் பார்த்தேன். குசினிக் கலண்டரில் ஒரு படம் இருந்தது, அதையும் பார்த்தேன்.

இதை ஊரில் வந்து சொல்ல முடியுமா? ஹேவாஹெட்டவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்து இறங்கியதும் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஒட்டகம் எப்படி, ஈச்ச மரம் எப்படி என்று கேட்டார்கள். ஆறு வருஷம் கக்கூஸ் கழுவினேன், மதிலைப் பார்த்தேன் என்று எந்த வாயால் சொல்வது? கதை கதையாக எடுத்துவிட்டேன். போய் வந்த எல்லாப் பெண்களும் எடுத்துவிடுகிறவர்கள்தான். எங்களுக்குள் அது தெரியும், ஒருத்தியை ஒருத்தி காட்டிக்கொடுக்க மாட்டோம். அந்தப் பழக்கம்தான் அன்றைக்கு வாசலிலும் வந்தது.

நான் அவரை ராத்தா என்று கூப்பிட்டேன்; முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த ஒழுங்கையில் எல்லோருக்கும் அவர் ராத்தாதான். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பிள்ளைகள் இல்லை. கடுகண்ணாவையில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த தம்பி ஒருவர் மட்டும். காலையில் இரண்டு தேத்தண்ணிக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பார். பத்து மணிக்கு அந்த வேலை முடிந்தால், அடுப்பில் மிஞ்சிய தணலுக்குள் ஒரு பால்மா டின் போகும். டின்னுக்குள் விரல் நீளத்துக்கு நறுக்கிய செவ்வரத்தைக் குச்சிகள். மூடியில் ஆணியால் குத்திய ஒரு துளை. துளையால் வருகிற புகை நின்றால் படம் கீறுகிற கரி ஆயிற்று என்று அர்த்தம். கொய்யாக் குச்சிக் கரி தாளைக் கிழிக்கும், முருங்கை கையில் எடுத்ததும் மாவாகிவிடும், தேயிலைக் குச்சி கல்லாக இருக்கும், செவ்வரத்தைதான் சொன்ன சொல் கேட்கும் என்பது அவர் கண்ட முடிவு. “எல்லாத்தையும் சுட்டுப் பாத்துட்டேன், இனி என்னத்தான் சுடோணும்” என்பார்.

நிறத்துக்குப் பேஸ்டல். கண்டியில் வாங்கிய இருபத்துநாலு நிறப் பெட்டி ஒன்று அலுமாரியில் குர்ஆனுக்குக் கீழ்த் தட்டில் இருக்கும். அதில் மஞ்சளும் காவியும் மண்ணிறமும் நகக்கண் அளவுக்குத் தேய்ந்து கிடக்கும். பச்சையும் ஊதாவும் கடையில் வாங்கியபடியே முழுசாக இருக்கும். நான் பார்த்தவரைக்கும் அவர் கீறியது பாலைவனம் மட்டுமே. மேடு, பள்ளம், காற்று மடித்துவிட்ட வரிகள், தூரத்தில் ஒரு ரோட்டு. மேட்டின் நிழல் பக்கத்தைக் கரியால் அடைத்து, பழைய சாரத் துண்டால் ஒரே பக்கமாகத் துடைப்பார். அதன்மேல் காவியைப் படுக்கவைத்து இழுப்பார். கடைசியாக, மேட்டு விளிம்பில் வெளிர்மஞ்சளால் ஒரே ஒரு கோடு. அந்தக் கோட்டைப் போடும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். போட்டு முடிந்ததும் அந்தக் குசினிக்குள்ளேயே வெயில் அடிக்கிறமாதிரி எனக்கு இருக்கும். வெளியே பார்த்தால் கம்பளை மழை.

அந்த மழையோடு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. படம் கீறுகிற டிமைத் தாள் ஈரத்தில் ஊறித் தொங்கும். அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போடுவார். கரி உதிராமல் இருக்கத் தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரேயை வாங்கி அடித்துப் பார்த்தார். மணலெல்லாம் கறுத்துச் சேறாகிவிட்டது. அதோடு அதை விட்டார். ஒரு வருஷம் மழை நிற்காமல் பெய்து, பாதிப் படங்களில் பூஞ்சணம் பிடித்தது. “பாத்தீங்களா தங்கச்சி, பாலைவனத்துல பாசி புடிச்சிட்டு” என்று சிரித்தார். சிரித்துவிட்டு அந்தப் படங்களை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதை அல்ல. அவர் கேட்கிற விதத்தைப் பற்றி.

“பாத்தவங்க சென்னாத்தான் கீறுவேன். எனக்கா ஒண்ணும் போட மாட்டேன்” என்பது அவருடைய சட்டம். அவர் பாலைவனத்தைப் பார்த்ததே இல்லை. அதனால் பார்த்தவர்களைத் தேடித் தேடிக் கேட்பார். ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்திலும் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதியிருக்கும்: இந்த மேட்டின் நிறம் பேக்கரிக்காரர் மகன் சொன்னது, இந்த வானம் கெலிஓயா டிரைவர் சொன்னது, காற்று வருகிற திசை பள்ளிவாசல் மோதினார் ஹஜ்ஜில் கண்டது. யாருடைய கண்ணும் படாத ஒரு விரல் இடமும் அந்தப் படங்களில் கிடையாது. ஒரே இடத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டு படம் கீறுவார். யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார்.

வெளிநாட்டுப் பெட்டியோடு ஒருவரைக் கண்டால் விடமாட்டார். ஒரு தடவை இரண்டு பேரும் கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்தோம். முன் சீட்டில் ஒரு மனிதர், கயிறு கட்டிய பெரிய பெட்டியோடு. கட்டாரிலிருந்து அன்றைக்குத்தான் வந்து இறங்கியவர், கண் முழுக்கத் தூக்கம். பேராதனையில் ஆரம்பித்தார் ராத்தா. மத்தியானத்தில் நிழல் எந்த நிறம், கறுப்பா, நீலமா? தூரத்தில் தண்ணீர் மாதிரித் தெரியுமாமே, அது மினுங்குமா, ஆடுமா? அந்த ஆள் கம்பளை வரும் வரைக்கும் பாவம் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“என்னா ராத்தா இது, மனுசன் தூங்க வேணாமா?” என்று இறங்கியதும் ஏசினேன்.

“தூங்கலாம் தங்கச்சி. அவர் ஊட்டுக்குப் போய்த் தூங்குவார் தானே” என்றார்.

அந்தக் குரலில் என்ன இருந்தது என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. அவர் கணவர் வீட்டுக்கு வந்து தூங்காதவர். சவூதியில், நகரத்துக்கு வெளியே ஒரு ஊரில் தண்ணி பவுசர் லொறி ஓட்டினார். ஒரு நாள் மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், அவ்வளவுதான். மையத்தை, அதாவது உடலை, வைத்துக்கொண்டு இருக்கக்கூடாது, அங்கேயே அடக்கிவிடலாமா என்று தொலைபேசியில் கேட்டார்கள். தம்பி ராத்தாவைப் பார்த்தார். ராத்தா சரி என்றார். அன்று பின்நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஒரு படம்கூட யாரும் எடுத்து அனுப்பவில்லை. அங்கே கபுறில், அடக்கிய குழியின் மேல், பெயர் எழுதுவதும் இல்லை. ஒரு கல், அவ்வளவுதான்.

அதன்பிறகு இத்தா. வெள்ளை உடுத்து, வெளி ஆண்கள் கண்ணில் படாமல், நாலு மாசமும் பத்து நாளும் வீட்டுக்குள். “கண்ண மூடினா அவர்ட கபுறு எண்டு எங்கட கம்பளை மையவாடிதான் வருது” என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். “பச்சப் புல்லும், மழத் தண்ணியும். அவர் அங்க இல்லயே. இல்லாத எடத்துல அவர வச்சி அல்லாஹ்ட்ட துஆ கேக்குறது எனக்கு மனசுக்குச் சரியில்ல.” அடுப்பிலிருந்து ஒரு கரிக்கட்டையை எடுத்து, இடியப்ப மா வந்த கடதாசிப் பையைக் கிழித்து, முதல் கோட்டை அந்த நாட்களில்தான் போட்டிருக்கிறார். வெள்ளை உடுப்பெல்லாம் கரி. துக்கம் கேட்க வந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். உசிருள்ளதைக் கீறாவிட்டால் சரி என்று மௌலவி சொன்னதும்தான் வாயை மூடினார்களாம்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் என்னை நானே நல்லவளாகக் காட்டிக்கொண்டதாக ஆகிவிடும். தம்பி ஒரு நாள் துபாயில் வேலை செய்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ராத்தா கடதாசியும் பென்சிலுமாக உட்கார்ந்தார். அந்த மனிதர் கதிரை நுனியில் இருந்துகொண்டு, “ராத்தா, நான் ஹோட்டல் குசினியில கோப்பை கழுவின ஆள். நெலத்துக்குக் கீழ ரெண்டு மாடி. மணல் எண்டு ஒண்ட நான் பாக்கல்ல” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்படியும் ஒரு ஆள் சொல்வாரா! ராத்தா கோபிப்பார் என்று பார்த்தேன். அவரோ பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “தங்கச்சி, இவருக்கு இன்னொரு கோப்பை தேத்தண்ணி போடுங்க” என்றார். அந்த ஆள் போனபிறகு, “இல்லாதத சொல்லல்ல. நல்ல மனிசன்” என்று இரண்டு தடவை சொன்னார். கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்ற எனக்கு அப்போதாவது வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அதற்குள் ஏழெட்டுப் படங்களின் பின்னால் என் பெயர் ஏறியிருந்தது.

இனி அந்த மரத்துக்கு வருகிறேன்.

மணல் மேடுகளையெல்லாம் கீறிப் பழகியது ஒரே ஒரு படத்துக்காகத்தான் என்பது எனக்குத் தெரியும். கணவரை வைத்த மையவாடி. அவரோடு வேலை செய்த ஒருவர் எப்போதோ தொலைபேசியில் சொன்ன நாலு வார்த்தையை வைத்து அதை ஆரம்பித்தார்: வெட்டவெளி, வரிசை வரிசையாகக் கல். கீறினார். துடைத்தார். திரும்பக் கீறினார். தாளில் பாதிக்கு வெறும் மண்ணிறம், நடுவில் சின்னச் சின்னக் கரிப் புள்ளிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் நான் குசினிக்குள் போனபோது அந்தத் தாளுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

“நெழல் ஒண்ணும் ஈக்காதா தங்கச்சி? அந்த வெயில்ல... மனிசன் மழ நாட்டு ஆள். வெயில் ஒத்துக்கொள்ளாது அவருக்கு.”

அவர் என்னிடம் நிறத்தைக் கேட்கவில்லை, திசையைக் கேட்கவில்லை. இப்படி ஏங்கி அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. இந்த வாய் இருக்கிறதே, அது சும்மா கிடக்குமா?

“அந்த ஊர் வழியா எங்க மேடம் ஒருதரம் கார்ல கூட்டிட்டுப் போனாங்க ராத்தா. ரோட்டோரம் ஒரு மையவாடி பாத்தேன். அதுக்குள்ள ஒரு மரம் நிக்குது. பெரிய மரம்தான்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை! இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்கக்கூட இல்லை. கேள்விமேல் கேள்வி. என்ன மரம், இலை சின்னதா, கிளை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், வாசலிலிருந்து எவ்வளவு தூரம். நானும் விடாமல் சொன்னேன். எங்கள் தோட்டத்து வாகை மரத்தைக் கொஞ்சம் கட்டையாக்கி, இலையைக் குறைத்து, அப்படியே தூக்கிக்கொண்டுபோய் சவூதியில் நட்டுவிட்டேன். வாசலுக்கு இடப்பக்கம், மதிலோரமாக.

அன்றைக்குத்தான் அந்தப் பேஸ்டல் பெட்டியிலிருந்து பச்சைக் குச்சி வெளியே வந்தது. அதற்குப் பிறகு அவர் வேறு படம் கீறவில்லை. அந்த மரத்தையே கீறினார், காலையில் ஒரு மாதிரி, பின்நேரம் அஸருக்கு ஒரு மாதிரி. நிழலைக் கரியால் இழுத்து, அது விழுகிற இடத்தில் ஒரே ஒரு கல். பச்சைக் குச்சி பாதியாகக் குறைந்தது. அவர் முகத்தில் சதை வைத்தது. பஸ்ஸில் யாரையும் பிடித்துக் கேட்பதும் நின்றுவிட்டது. நல்லதுதானே செய்திருக்கிறேன் என்று நானும் என்னை ஏமாற்றிக்கொண்டு, வேலைக்குப் போவதும் வருவதுமாக ஒன்றரை வருஷத்தை ஓட்டினேன்.

அந்த நேரம்தான் தம்பி வந்து, உம்ராவுக்குப் போவோம் ராத்தா என்றார். இப்போது உம்ரா விசாவிலேயே அந்த நாட்டுக்குள் எங்கேயும் போகலாமாம். மக்காவில் கடமைகள் முடிந்ததும் ஒரு கார் பிடித்துக்கொண்டு மச்சானை வைத்த ஊருக்கும் போய்வரலாம் என்றார். ராத்தாவுக்கு நின்ற இடத்தில் கால் நிற்கவில்லை. இருந்ததில் நல்ல படத்தை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, தம்பியின் போனில் படம் எடுக்கவைத்தார்.

“பேர் இல்லாட்டி என்ன, மரத்த வச்சித் தேடலாம். இடப்பக்கம், மதிலோரம். அதுக்குக் கிட்டவா அந்த நேரத்துல கபுறு வெட்டின எண்டு கேட்டுப் பாக்கலாம்.”

தம்பி போனைப் பையில் போட்டார்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடையில் சட்டைக் கையைக் கழுத்தில் வைத்துத் தைத்தேன், முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சொல்லாவிட்டால் அந்த மனுஷி மூவாயிரம் மைல் போய், வெயிலில் நின்று, இல்லாத மரத்தைத் தேடுவார். தம்பி மதிலோரம் எல்லாம் அலைவார். மரத்தைக் காணவில்லை என்றால் வேறு ஊருக்கு வந்துவிட்டோமோ என்று அவர் மனசு எப்படித் துடிக்கும்? அதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்ற பயமும் இருந்தது. போகிறதுக்கு மூன்று நாள் இருக்கும்போது, அவர் இஹ்ராமுக்கு வாங்கிய உடுப்பை மடித்துக்கொண்டிருந்த இடத்தில் போய் நின்றேன்.

“ராத்தா, அந்த மரம் பொய்.”

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. விளங்கவில்லை போலும்.

“நான் அந்த ஊருக்குப் போனதே இல்ல. வீட்டை விட்டு வெளிய விடல. பின்பக்கத்து மதிலைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், ஆறு வருசமும். மரத்தை நானாத்தான் சொன்னேன். உங்களைப் பாக்கப் பாவமா இருந்திச்சு.”

“அப்ப மணல்?”

“அதுவும் டீவியில பாத்தது.”

அவர் எழுந்து அலுமாரியிலிருந்து படங்களை எடுத்தார். ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, பின்பக்கத்தில் என் பெயர் இருந்த இடத்தையெல்லாம் அழிறப்பரால் அழித்தார். அவசரப்படவில்லை. தூளை ஊதி ஊதி அழித்தார். என்னை ஏசியிருக்கலாம், அறையைக் காலி பண்ணச் சொல்லியிருக்கலாம், ஓவென்று அழுதிருக்கலாம். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போனேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. எல்லாவற்றையும் திரும்ப அடுக்கி வைத்துவிட்டு, “சரி” என்றார்.

“தம்பிக்குச் சொல்லிருவோமா ராத்தா?”

“வாணாம். அவன் போகாம நிண்டுருவான்.”

அவர்கள் போனபிறகு அந்த வீட்டில் நான் தனியாக இருந்த இரண்டு கிழமையும் அடுப்பு மூட்டவில்லை. கடையில் வாங்கிய ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தேன். ஆனாலும் ஒரு பாரம் இறங்கியிருந்தது என்பது உண்மை. சொல்லிவிட்டேன், இனி அவர் இல்லாததைத் தேடமாட்டார், அவர் கண்ணால் கண்டதைக் கீறிக்கொள்வார் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

வந்தார். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டி. ஒழுங்கை முழுக்க ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் போயிற்று. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் போய், தம்பியும் கடுகண்ணாவைக்குப் போனபிறகு, ஒரு பொட்டலத்தோடு என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அவர் என் அறைக்குள் வந்து உட்காருவது அதுதான் முதல் தடவை. நான் நிலத்தில் இருந்துகொண்டேன்.

“பொம்புளையள உள்ளுக்கு விடல்ல தங்கச்சி. அங்க சட்டம் அப்படியாம். வாசல்லயே நிப்பாட்டிட்டாங்க. பெரிய மதில். ஒண்ணும் தெரியல்ல.”

அவ்வளவு தூரம் போன மனுஷிக்கும் மதில்தானா?

“தம்பி மட்டும் உள்ளுக்குப் போன. நான் கார் நெழல்ல நிண்ட. முக்கா மணித்தியாலம் ஈக்கும். காவல்காரன் போனைப் புடிங்கி வச்சிக்கொண்ட, படம் எடுக்க ஏலாதாம். பொறகு தம்பி வெளிய வந்த. சிரிச்சிக்கொண்டு வந்தான். கண்ணெல்லாம் தண்ணி. ‘ராத்தா, மரம் ஈக்கி. நீங்க கீறின மாதிரியே. இடப்பக்கம், மதிலோரம். மச்சான் அதுக்குக் கீழதான்’ எண்டு சென்னான்.”

“ராத்தா...” என்றேன்.

“ஈக்கவும் ஏலும் தங்கச்சி. நீங்க பாத்தும் ஈக்கல்ல, நான் பாத்தும் ஈக்கல்ல. அங்க மரம் இல்ல எண்டு சொல்ல எங்க ரெண்டு பேருக்கும் ஏலா. என்ட தம்பி பொய் சொல்ற புள்ளயில்ல. ஆனா போன்ல நான் கீறின படம் ஈந்த. அவனுக்கு என்னக் கண்டா பாவம்.”

பொட்டலத்தைப் பிரித்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். தின்னச் சொன்னார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை. அலுத்துப்போன குரலில், யாரோ ஒருவருடைய கதையைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

“நீங்க சென்னத்தப் பத்தி எனக்குக் கோவமில்ல. பொய்ய வயித்துல வச்சிக்கொண்டு எத்தின நாளைக்கு ஈக்கிற? ஆனா நீங்க சொல்லாம ஈந்திருந்தா, தம்பி அந்த வாசல்ல வந்து சென்ன நேரம் நான் நம்பி ஈப்பேன். அல்ஹம்துலில்லாஹ் எண்டு அழுது ஈப்பேன். பதினொரு வருஷம் கழிச்சி என்ட மனிசன்ட கபுறடிக்குப் போய், மதிலுக்கு இங்கால நிண்டுக்கொண்டு, அவருக்கு ஒரு துஆ கேக்கல்ல தங்கச்சி நான். தம்பிட மொகத்தயே பாத்துக்கொண்டு நிண்டேன், பொய் சொல்றானா, பொய் சொல்றானா எண்டு.”